ஐந்நூறு வெள்ளிக் குறடு

1975-இல் ஓர் அமெரிக்கர், வியட்நாமியரான தம் மனைவியுடன், முந்நூறு டாலருக்கு வாங்கிய பழைய ஃபியாட் காரில் ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் சுற்றிக்கொண்டிருந்தார். கார் வழிநெடுகப் படுத்தது. தங்கிய மலிவு விடுதிகளில் குழாய் ஒழுகியது. அவர் பையில் இருந்தது சாரணர் கத்தி ஒன்றுதான். அதில் அலகு இருந்தது, திருப்புளி இருந்தது, டப்பா திறக்கும் கொக்கியும் இருந்தது. இறுகிப்போன நட்டைப் பிடித்துத் திருகத்தான் ஒன்றும் இல்லை. இந்தக் கத்தியோடு ஒரு குறட்டையும் சேர்த்தால் என்ன என்று அவர் குறித்து வைத்துக்கொண்டார். அவர் பெயர் டிம் லெதர்மேன்.

ஊர் திரும்பியதும் ஒரு மாதத்தில் செய்து முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். மாதிரி ஒன்று உருப்பட மூன்று ஆண்டு பிடித்தது. 1980-இல் காப்புரிமை கிடைத்தது. வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கத்திக் கம்பெனிகளிடம் கொண்டுபோனால் இது கத்தி இல்லை, கருவி என்றார்கள். கருவி செய்கிறவர்கள் இதை விளையாட்டுச் சாமானாகப் பார்த்தார்கள். தொலைபேசிக் கம்பம் ஏறுகிறவர்களுக்காவது பயன்படுமே என்று ஏடி அண்டு டி கம்பெனியிடமும் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கல்லூரி நண்பர் ஸ்டீவ் பெர்லினரோடு கூட்டுச் சேர்ந்து, 1983-இல் போர்ட்லண்டு நகரில் சொந்தமாகவே தொடங்கினார். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்களுக்குத் தபாலில் சாமான் விற்கும் கபேலாஸ் நிறுவனம் ஐந்நூறு உருப்படி கேட்டது. ஆண்டுக்கு நாலாயிரம் விற்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தவர்கள், முதல் முழு ஆண்டிலேயே ஏறத்தாழ முப்பதாயிரம் விற்றார்கள். விலை நாற்பது டாலர் வாக்கில்.

அந்த முதல் உருவத்துக்குப் பிஎஸ்டி என்று பெயர். கப்பல் வேலைக்குப் போய்வந்த சுங்கை பட்டாணிக்காரர் ஒருவரிடம் அதைப் பார்த்திருக்கிறேன். மூடினால் பத்து சென்டிமீட்டர். எடை ஒரு பெரிய கைப்பேசியைவிடக் குறைவு. இரண்டு கைப்பிடிகளையும் விரித்து எதிர்த்திசையில் மடக்கினால் நடுவிலிருந்து கூர்மூக்குக் குறடு வெளியே வரும். கைப்பிடி என்பது தகட்டை மூன்று பக்கம் மடித்த வாய்க்கால்தான். திறந்த பக்கம் உள்ளங்கையில் படும். கம்பி ஒன்றை அழுத்தி வெட்டினால் இரண்டு தகட்டு விளிம்பும் கையில் கோடு போட்டுவிடும். அவர் கைப்பிடியைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டியிருந்தார். போர்ட்லண்டுக்காரர்கள் அந்த விளிம்பை உருட்டிச் சரிசெய்யப் பல ஆண்டு ஆனது.

மலேசியாவின் கெடாவில் இந்த மல்டிடூல் வந்து சேர்ந்த இடம் ரப்பர் தோட்டம் அல்ல. தோட்டத்துக்காரனுக்கு மடக்குக் கத்தி தேவைப்பட்டதே இல்லை. பால்மரக் காட்டில் ஒரு கத்திக்கு ஒரே வேலை. விடியற்காலையில் பிரட்டு முடிந்து நிரைக்குள் போனால், முந்தின வெட்டை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும். கொஞ்சம் மேலாகச் சீவினால் மங்கில் பால் விழாது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம்; மண்டோர் வாயில் விழ வேண்டும். அதற்கென்றே முனை மடங்கிய ஜெபோங் கத்தி. ராத்திரி லயத்துக் குசினி வாசலில் உட்கார்ந்து அதைக் கல்லில் தேய்ப்பார்கள். அலகு தேய்ந்து தேய்ந்து ஒட்டிப்போகும்வரை அது உழைக்கும். வாங்கிய விலையை அது எத்தனை நாளில் திருப்பித் தந்தது என்று யாரும் கேட்டதில்லை. அது இல்லாமல் அன்றைய கூலியே இல்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் கதை மாறவில்லை. இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு நீளக் கம்பில் கட்டிய அரிவாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் பீடோங், சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளுக்கும் 1996-இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகுதான் மல்டிடூல் நம் வீடுகளுக்குள் வந்தது. பால் வெட்டியவரின் மகன் மெஷின் டெக்னீஷியன் ஆனான். இடுப்பு பெல்ட்டில் தோல் உறை ஒன்று தொங்கியது. அதில் பாதி வேலைக்கு, பாதி பெருமைக்கு. பெருமையைக் குறை சொல்ல மாட்டேன். பரம்பரையில் முதன்முதலாக ஒருவன் தன் கருவியைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறான்.

அந்த நேரத்தில் பொருளும் வயதுக்கு வந்திருந்தது. அமெரிக்கச் சட்டப்படி அன்று காப்புரிமைக்கு ஆயுள் பதினேழு ஆண்டு, 1997-இல் முடிந்தது. மறு ஆண்டே லெதர்மேன் கம்பெனி 'வேவ்' என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. முழுதாக விரிக்காமலேயே வெளிப்பக்கத்துக் கத்தியை ஒரே கையால் திறக்கலாம். ஏணியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறு கையால் வேலை செய்கிறவனுக்கு இது பெரிய விஷயம். ஆனால் இங்கே வாங்க நினைத்தவர்களுக்கு அதே ஆண்டு கெட்ட ஆண்டு. ஆசிய நாணய நெருக்கடியில் இரண்டரை வெள்ளியாக இருந்த டாலர் 1998 ஜனவரியில் 4 வெள்ளி 88 காசு வரை போனது. செப்டம்பரில் அரசாங்கம் அதை 3 வெள்ளி 80 காசில் கட்டிப்போட்டது. போர்ட்லண்டில் விலை ஒரு காசு ஏறாமலேயே கெடாவில் அது பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

இந்தச் சாமானின் விலையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மறப்பது இதைத்தான். கம்பெனி ஏற்றிய விலை வேறு, நம் காசு இறங்கியதால் வந்த விலை வேறு.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1983-இன் நாற்பது டாலரை அமெரிக்க விலைவாசி உயர்வோடு பெருக்கினால் இன்றைக்கு நூற்றிருபத்தைந்து டாலருக்கு மேல் வரும். அன்று அந்தக் காசுக்குக் கையைக் கடிக்கும் தகட்டுப் பிடி. இன்று ஏறத்தாழ அதே காசுக்கு உருட்டிய விளிம்பு, பூட்டிக்கொள்ளும் அலகு, தேய்ந்தால் கழற்றி மாற்றும் கம்பிவெட்டி, மொத்தம் பதினெட்டுக் கருவி உள்ள வேவ் பிளஸ். அமெரிக்கனுக்கு இது ஏறிய விலையே இல்லை.

நமக்கு? வேவ் பிளஸ் 2018-இல் வந்தபோது நூறு டாலர். நாலு வெள்ளிக் கணக்கில் நானூறு. ஐந்நூறு வெள்ளிக்குக் குறைந்த சாமான் விமானக் கூரியரில் வந்தால் அப்போது இறக்குமதி வரியும் கிடையாது. இன்று அது நூற்றிருபது டாலரைத் தாண்டிவிட்டது. இடையில் 2024 பிப்ரவரியில் டாலர் 4 வெள்ளி 80 காசு வரை ஏறி, பிறகு இறங்கியது. அதே 2024 ஜனவரி முதல் நாள் தொட்டு, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் ஐந்நூறு வெள்ளிக்குட்பட்ட சாமானுக்கும் பத்து விழுக்காடு விற்பனை வரி. டாலரை 2025-இல் இருந்தபடி நாலேகால் வெள்ளி என்று வைத்து எல்லாம் கூட்டினால் ஐந்நூற்று அறுபது வெள்ளியைத் தொடுகிறது. கடைக்காரர் லாபம் தனி. ஏழெட்டு ஆண்டில் நாற்பது விழுக்காடு ஏற்றம்.

இதையே கூலி நாளாக மாற்றிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 2018-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் ஆயிரம் வெள்ளி. மாதத்துக்கு இருபத்தாறு வேலை நாள் என்று வகுத்தால், அந்தக் குறடு பத்து நாளுக்கு மேற்பட்ட கூலி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வரியும் சேர்த்து ஒன்பது நாள்கூட இல்லை. விலை ஏறியிருக்கிறது, ஆனால் அதை வாங்க உழைக்க வேண்டிய நாள் குறைந்திருக்கிறது.

சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம். குறைந்தபட்சச் சம்பளக்காரர் இதை வாங்குவதில்லை. அவருக்கு ஏறிய எழுநூறு வெள்ளியும் வீட்டு வாடகைக்கும் பிள்ளை பஸ்ஸுக்கும் மளிகைக்கும் முன்கூட்டியே போய்விட்டது. வாங்குகிறவன் அவருக்கு ஒரு படி மேலே இருக்கிற டெக்னீஷியன், லாரி ஓட்டுநர், ஏர்கோன் மாட்டுகிறவன். கீழே இருப்பவர் சம்பளத்தை ஏற்றியது போல அவன் சம்பளத்தைச் சட்டம் ஏற்றவில்லை. அவனுடைய முதலாளி மனது வைத்தால்தான் உண்டு. ஆகவே விலையேற்றத்தைப் பற்றி அதிகம் முனகுவது அவன்தான். முனகலில் நியாயம் இருக்கிறது.

சுவிஸ் கத்தியின் கதை இதைவிட மோசம். கார்ல் எல்செனர் இபாக் என்ற ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கி, 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். 1897-இல் இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கத்தியின் மூதாதையைப் பதிவு செய்தார். விக்டோரினாக்ஸ் இன்னும் அங்கேதான் அதைச் செய்கிறது. சுவிஸ் பிராங்க் ஏறுமுகத்தை விடுவதே இல்லை. 2014 வாக்கில் மூன்றரை வெள்ளி கொடுத்தால் ஒரு பிராங்க். இப்போது ஐந்துக்கு மேல். அவர்கள் விலையைத் தொடாமலிருந்தாலும் நாம் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும்.

உண்மையிலேயே விலை வானத்துக்குப் போனது மேல்தட்டில். 2024-இல் லெதர்மேன் 'ஆர்க்' என்று ஒன்றை இறக்கியது. இருநூற்று முப்பது டாலர். நம் காசுக்கு ஆயிரத்தைத் தொடும். காந்தத்தால் மூடிக்கொள்ளும் கைப்பிடி, எல்லாக் கருவியும் ஒரே கையால் திறக்கும், அலகுக்கு மேக்னாகட் என்ற புது உருக்கு. அந்த உருக்கு பொய் இல்லை. கூரும் நிற்கும், துருவும் பிடிக்காது என்ற இரண்டையும் ஒன்றாகத் தர வேண்டுமென்றே 2021-இல் வந்த சரக்கு அது. ஆனால் அந்த அருமையான உருக்கு கத்தி அலகில் மட்டும்தான். குறட்டுக்கும் திருப்புளிக்கும் வழக்கமான ஸ்டெயின்லெஸ். குறட்டுக்காக வாங்குகிறவன் கத்திக்குப் பணம் கட்டுகிறான்.

தஞ்சோங் டாவாய் போனால் இந்தப் பேச்செல்லாம் வேறு நிறம் காட்டும். பீடோங்கிலிருந்து செமிலிங், மெர்போக் வழியாகப் போகும் பாதை ஆற்று முகத்துவாரத்தில் போய் முடியும். வழியில் சுங்கை பத்து அகழ்விடம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்ததில் இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்று ஊதும் சுட்டமண் குழாய்களும் குவியல் குவியலாக வந்தன. காலத்தைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கிறது. ஆனாலும் பழைய கெடாவான கடாரத்துக் கப்பல்கள் இங்கிருந்து இரும்பு ஏற்றிப் போன காலம் ஒன்று உண்டு. இன்று அந்தப் பாதையில் வருகிற உருக்கு போர்ட்லண்டிலிருந்தும் சீனத்து யாங்ஜியாங்கிலிருந்தும் பெட்டியில் அடைத்து வருகிறது.

தஞ்சோங் டாவாய்க்குச் சனங்கள் போவது கருவாட்டுக்கும் நெத்திலிக்கும். துறையில் நின்றால் எதிர்க்கரைக்குப் போகும் படகும், வலை அள்ளி வரும் சிறு ஃபைபர் படகும் தெரியும். செமிலிங் பக்கத்திலிருந்து வந்து படகு என்ஜின் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரைத் தெரியும். என் பெல்ட்டிலிருந்த பழைய வேவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். திறந்தார், மூடினார், ரம்பத்தில் விரலை ஓட்டினார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான் தம்பி. இது எவ்வளவு?"

சொன்னேன்.

"என்னோட பிளையர் கடல்ல விழுந்தா பத்து வெள்ளி போச்சுன்னு கரைக்கு வந்துருவேன். இது விழுந்துச்சின்னா நானும் பின்னாலயே குதிக்கணும்."

பேச்சோடு பேச்சாக அவர் வேலை செய்ததைக் கவனித்தேன். காற்றாடியில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்ட என்ஜின். மழுங்கலான ஒரு பிளாஸ்டிக் பிடிக் கத்தியால் வெளிச் சுற்றை அறுத்தார். உள்ளே, காற்றாடிக்கும் தண்டுக்கும் நடுவில், நரம்பு உருகி இறுகியிருந்தது. நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்குப் பெட்டி ஸ்பேனர். என் மல்டிடூலில் அந்த நட்டைத் தொட அவர் விடவில்லை. தொட்டிருந்தால் குறட்டின் பல் ஆறு மூலையையும் மழுக்கி வட்டமாக்கியிருக்கும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. காற்றாடி வெளியே வந்ததும், சந்தில் ஒட்டியிருந்த நரம்புத் துணுக்குகளைப் பிடித்து இழுக்கக் கை நீட்டி வேவைக் கேட்டார். அவருடைய குறட்டின் மூக்கு தடிமன், சந்துக்குள் போகவில்லை. இதன் கூர்மூக்கு போனது. ஐந்நூறு வெள்ளிக் கருவி அன்று செய்த வேலை அவ்வளவுதான். ஆனால் அதை அந்தப் படகில் வேறு எதுவும் செய்திருக்காது.

உப்புக்காற்றைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நம்புகிறோம். சமையல்கட்டுச் சட்டியின் உருக்கு வேறு, கத்தியின் உருக்கு வேறு. சட்டிக்குக் கூர் வேண்டாம். கத்திக்குக் கூர் நிற்க வேண்டுமானால் உருக்கில் கார்பன் கூட வேண்டும். கார்பன் கூடினால் துருவை எதிர்க்கும் குரோமியத்தில் ஒரு பங்கை அது தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். வேவின் அலகு 420எச்சி என்ற ரகம். வீட்டில் வைத்தால் பத்தாண்டு பளபளக்கும். தஞ்சோங் டாவாய்க் காற்றில் ஒரு மாதம் துடைக்காமல் விட்டால் ஆணிமூட்டுகளில் பழுப்பு தெரியும். மடக்குக் கருவிக்கு அந்த மூட்டுதான் உயிர். நல்ல தண்ணீரில் அலசி, உதறி, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய். இதைச் செய்யச் சோம்பல் என்றால் என்ன விலைக்கு வாங்கினாலும் வீண்.

மலிவுச் சரக்கையும் சொல்ல வேண்டும். சீனத்துக் குவாங்டோங் மாநிலத்தில் யாங்ஜியாங் என்ற ஊர் முழுக்கக் கத்திப் பட்டறைதான். அங்கிருந்து வருகிற மல்டிடூல்கள் இரண்டு ரகம். பசார் மாலாமில் தார்ப்பாய் விரித்துக் குவித்து வைத்திருப்பது ஒன்று. அதில் குறட்டின் இரண்டு தாடையும் சேராது, திருப்புளி முதல் திருகலிலேயே முறுகும். மற்றது கான்சோ, ராக்சன், நெக்ஸ்டூல் போல ஒழுங்காகச் செய்தது. அதை விலை குறைவு என்பதற்காகத் தாழ்த்திப் பேசுவது நியாயமில்லை. வாரத்துக்கு ஒரு தரம் எடுக்கிறவனுக்கு அது போதும், தாராளமாகப் போதும். லெதர்மேன் என்று பெயர் பொறித்த போலியையும் அதே இணையக் கடைகளில் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். பாதி விலைக்கு அசல் கிடைக்கிறது என்றால் அது அசல் இல்லை.

லெதர்மேனுக்கு இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம். விலையை ஆண்டால் வகுத்தால் இருபது சொச்சம் வெள்ளிதான் வரும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கு எனக்கு ஏறவில்லை. இருபத்தைந்து ஆண்டு தொலைக்காமல் வைத்திருப்பவன் யார்? இது உடைந்து போவதைவிடத் தொலைந்து போவதுதான் அதிகம். கடலில் விழும், கடன் வாங்கிய மச்சான் திருப்பித் தரமாட்டான், விமான நிலையத்தில் கைப்பையில் மறந்து வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு விமான நிலையக் கடைகளில் விற்பனை செத்துப்போய் விக்டோரினாக்ஸ் கம்பெனியே ஆட்டம் கண்டது. இங்கேயும் ராத்திரி ரோடு பிளாக்கில் நிறுத்தி, இடுப்பில் என்ன என்று கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. வேலைச் சட்டையோடு இருக்கும்போது காரணம் கண்ணுக்குத் தெரியும். தைப்பூசக் கூட்டத்தில் தெரியாது; வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

கூலிமில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன மாதம் கேட்டான்: "மாமா, ஆர்க் வாங்கவா, வேவ் வாங்கவா?" அவன் ஏணியில் ஏறிக் கன்வேயர் பார்க்கிறவன். கருவிப்பெட்டி கீழே இருக்கும், இவன் மேலே இருப்பான். ஒவ்வொரு திருகாணிக்கும் இறங்கி ஏற முடியாத இந்த மாதிரி வேலைக்குத்தான் மல்டிடூல் பிறந்தது. அவனுக்கு அது செலவு இல்லை. ஆனால் அவன் கேட்ட இரண்டும் வேண்டாம் என்றேன். வேவின் பதினெட்டுக் கருவியில் அவன் கை போவது குறடு, கம்பிவெட்டி, கத்தி, இரண்டு திருப்புளி, இவ்வளவில்தான். அதே கம்பெனியின் 'ரீபார்' பழைய பிஎஸ்டியின் நேர் வாரிசு. உருட்டிய பிடி, மாற்றக்கூடிய கம்பிவெட்டி, வேவைவிடக் குறைந்த விலை. "ஒரு கையால திறக்க முடியாதே மாமா" என்றான். முடியாதுதான். அந்த வசதிக்கு நூற்றைம்பது வெள்ளி கொடுக்கலாமா என்பது ஏணியில் நிற்கிற அவன்தான் சொல்ல வேண்டும். ஆர்க்குக்கு மேலும் நானூறு கொடுப்பது மட்டும் வேலைக்கு இல்லை, ஆசைக்கு என்று சொல்லிவிட்டேன்.

கையோடு அவன் மோட்டாரின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஹோண்டா இஎக்ஸ்5. கம்பெனி கொடுத்த கருவிப்பை காணாமல் போய் வருடமாகிறதாம். மழைக்காலத்தில் செம்பனைக் காட்டு ரோட்டில் பிளக் நனைந்து நின்றால், ஆயிரம் வெள்ளி ஆர்க்கை வைத்துக்கொண்டு அவன் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். அந்தப் பிளக்குக்கு 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். ஆர்க்கிலோ வேவிலோ அது கிடையாது. சுங்கை பட்டாணி ஹார்ட்வேர் கடையில் அதை முதலில் வாங்கச் சொன்னேன்.